சுந்தரம் போனானா, ஜேம்ஸ் வந்தாரா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ படத்தை இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு, படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். முடிவைப் போட்டு உடைக்கப் போகிறேன். உடைக்காமல் என்னால் பேச முடியாது. எனக்குப் பைத்தியம் பிடித்ததே அந்த முடிவின் மேல்தான்.

சைக்காலஜிக்கல் திரில்லர் என்றால் நமக்குப் பழக்கப்பட்டது ராத்திரி, மழை, பாழடைந்த பங்களா, கதவு கிறீச்சிடும் சத்தம். இந்தப் படத்தில் ஒன்றும் கிடையாது. பட்டப்பகல். மக்காச்சோளக் காடு. திண்ணையில் ஒரு கிழவி டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். மாடு கட்டிக் கிடக்கிறது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை, ஒரு கொலை இல்லை. ஆனால் படம் முடிந்து எழுந்து போய் முகம் கழுவினேன் பாருங்கள், கண்ணாடியில் தெரிந்த முகத்தை ஒரு நிமிஷம் நம்ப முடியவில்லை. நான் நானாகத்தான் தூங்கி எழுகிறேன் என்று எந்த தைரியத்தில் இத்தனை வருஷம் படுத்தேன் என்று தோன்றிவிட்டது. வெயிலிலேயே வேர்க்க வைக்காமல் குளிர வைக்கிற படத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், இப்படியொரு முடிவு தமிழ் மண்ணில் எடுத்த வேறு எந்தப் படத்துக்கும் வாய்க்கவில்லை.

எடுத்தது மலையாளக்காரர்கள்தான். இயக்கம் லிஜோ ஜோஸ் பெல்லிசேரி, திரைக்கதை எழுத்தாளர் எஸ். ஹரீஷ், தயாரிப்பு மம்மூட்டியின் சொந்தக் கம்பெனி. ஆனால் படம் நடப்பது நம் பக்கம். பழனி வட்டாரத்துக் கிராமத்தில் எடுத்திருக்கிறார்கள். பேச்சில் பாதிக்கு மேல் தமிழ். கேமரா தேனி ஈஸ்வர். ‘மேற்குத் தொடர்ச்சி மலை’, ‘பேரன்பு’, ‘கர்ணன்’ எல்லாம் அவர் கண் வழியாக நாம் பார்த்தவைதான். 2022 டிசம்பரில் திருவனந்தபுரம் படவிழாவில் முதலில் காட்டினார்கள். வந்திருந்த ரசிகர்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் பரிசு இதற்குத்தான் போனது. 2023 ஜனவரி 19 அன்று தியேட்டருக்கு வந்து, அடுத்த மாதமே நெட்பிளிக்ஸில் ஏறியது. 2022-ஆம் ஆண்டுக்கான கேரள அரசு விருதில் சிறந்த படமும் இதுதான், சிறந்த நடிகரும் மம்மூட்டிதான்.

கதை இவ்வளவுதான். ஜேம்ஸ் தன் குடும்பத்தோடும் கூட்டாளிகளோடும் வேளாங்கண்ணி போய்விட்டு ஒரு பஸ்ஸில் ஊர் திரும்புகிறார். கையை இறுக்கிப் பிடித்துச் செலவு செய்கிற ஆள். தமிழ்நாட்டுச் சாப்பாடு இறங்கவில்லை, தமிழ்ப் பாட்டு போட்டால் முகம் சுளிக்கிறார். மதியச் சாப்பாடு முடிந்து பஸ் கிளம்புகிறது. உள்ளே எல்லோரும் வாயைப் பிளந்து தூங்குகிறார்கள். திடீரென்று ஜேம்ஸ் கண் விழிக்கிறார், வண்டியை நிறுத்தச் சொல்கிறார், இறங்கிச் சோளக்காட்டுக்குள் நடக்கிறார். ஒன்றுக்குப் போகிறார் என்றுதான் மற்றவர்கள் நினைக்கிறார்கள். அவர் நேரே ஒரு ஊருக்குள் போகிறார், ஒரு வீட்டுக்குள் நுழைகிறார், வேட்டியை அவிழ்த்துவிட்டு அங்கிருந்த லுங்கியைக் கட்டிக்கொள்கிறார், மாட்டுக்குத் தீனி வைக்கிறார், திண்ணையில் இருக்கும் பார்வையில்லாத அம்மாவிடம் தமிழில் பேசுகிறார். அக்மார்க் கிராமத்துத் தமிழ். அந்த வீட்டு சுந்தரம் 2 வருஷத்துக்கு முன் காணாமல் போனவன். ஜேம்ஸ் இப்போது சுந்தரம்.

வழி கேட்கவில்லை, தயங்கவில்லை. எந்தச் சந்து எங்கே திரும்பும் என்று அவர் காலுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த நடையைப் பார்க்கும்போதே எனக்கு முடி சிலிர்த்துவிட்டது. மம்மூட்டியை நாம் ‘தளபதி’ தேவாவாகப் பார்த்திருக்கிறோம், ‘அழகன்’ பார்த்திருக்கிறோம், ‘ஆனந்தம்’ பார்த்து அழுதிருக்கிறோம். அங்கெல்லாம் அவர் தமிழ் பேசும்போது ஓரத்தில் கொஞ்சம் மலையாளம் ஒட்டிக்கொண்டிருக்கும், அதுவும் அழகாகத்தான் இருக்கும். இதில் லுங்கி மாறியதும் நாக்கும் மாறிவிடுகிறது. மேக்கப் இல்லை, மீசையில் மாற்றம் இல்லை. தோளைக் கொஞ்சம் தளர்த்தி, கையை வீசி நடக்கிற தோரணையில் வேறு ஆளாகிவிட்டார். எழுபது வயதில் ஒரு மனிதர் இப்படி நடிக்கிறார் என்றால் கைதட்டுவதைத் தவிர நமக்கு என்ன வேலை?

ஊர் திகைக்கிறது. சுந்தரத்தின் மனைவி பூங்குழலி உள்ளே வரவும் முடியாமல் வெளியே துரத்தவும் முடியாமல் நிற்கிறாள் (ரம்யா பாண்டியன், பேசுவதே சில வரிகள்தான்). பஸ்ஸில் வந்தவர்கள் தேடிக் கண்டுபிடித்து வந்து சேர்கிறார்கள். ஜேம்ஸின் மனைவி ஒரு பக்கம், சுந்தரத்தின் மனைவி ஒரு பக்கம். ராத்திரி அங்கேயே தங்குகிறார்கள். மறுநாள் மதியம் ஊரே கண்ணயர்கிறது. தூங்கி எழுந்திருக்கும்போது சுந்தரம் இல்லை, ஜேம்ஸ். தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார். சுந்தரத்தின் நாய் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடுகிறது. அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு போர்டில் ‘சாரதி தியேட்டர்ஸ்’ என்ற நாடகக் குழுவின் பெயர் கண்ணில் படுகிறது. அவர்கள் போடும் நாடகத்தின் பெயர்? ‘நண்பகல் நேரத்து மயக்கம்’.

போச்சா! இவ்வளவு நேரம் நாம் பார்த்தது என்ன?

இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு திரிந்தவனுக்கு ஆள் கிடைத்தது அய்யனார் கோவில் ஆற்றில்தான். ராஜபாளையத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: டவுனிலிருந்து மேற்கே சுமார் 10 கிலோமீட்டர், மாந்தோப்புகளைத் தாண்டி, நகரத்துக்குக் குடிதண்ணீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தையும் கடந்து போனால், மலை அடிவாரத்தில் நீர்காத்த அய்யனார். கோவிலையொட்டி ஆறு. வனத்துறை கேட் போட்டிருக்கிறார்கள். மேலே மழை என்றால் விடமாட்டார்கள், விடாமலிருப்பதுதான் நல்லது, இந்த ஆறு எப்போது பொங்கும் என்று சொல்ல முடியாது. சாம்பல் நிற மலை அணிலுக்காக 1988-இல் சரணாலயமாக அறிவித்த காடு இது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாகிவிட்டது. தண்ணீர் கொஞ்சமாக ஓடும் நாளில் ஒரு பாறையைப் பார்த்துச் சாய்ந்துகொண்டால், சினிமா பேச இதைவிட நல்ல இடம் தென்மாவட்டத்தில் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தோடு போயிருந்தோம். எல்லோரும் படத்தைப் பார்த்திருந்தார்கள், பார்க்க வைத்திருந்தேன்.

மச்சான் ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். தூக்கத்தைப் பற்றிப் பேச அவரைவிட்டால் ஆளில்லை. காலைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு ஒரே போடாகப் போட்டார்: “மாப்ளே, அது பூராம் கனவு. நைட் ஷிப்ட் முடிச்சிட்டுப் பகல்ல படுத்துப் பாரு. எந்திரிக்கும்போது எந்த ஊரு, எந்த வீடு, பிள்ளைக பேரு என்னன்னு அஞ்சு நிமிஷம் பிடிபடாது. அந்த அஞ்சு நிமிஷத்தைத்தான் அந்தாளு ரெண்டு மணி நேரம் எடுத்திருக்கான்.”

சும்மா சொல்லக் கூடாது, அவர் பக்கம் சாட்சி பலமாகவே இருக்கிறது. படத்தின் தொடக்கத்தில் லாட்ஜில் ஜேம்ஸ் ஒரு திருக்குறளுக்கு அர்த்தம் கேட்கிறார். நிலையாமை அதிகாரத்தில் வரும் 339-வது குறள். சாவு என்பது உறங்குவது மாதிரி, பிறப்பு என்பது உறங்கி விழிப்பது மாதிரி என்று லாட்ஜ்காரர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். கதையின் சாவியை முதல் பத்து நிமிஷத்திலேயே கவுண்டரில் வைத்துக் கையில் கொடுத்துவிட்டார்கள்! ஜேம்ஸ் சுந்தரமாவது ஒரு மதியத் தூக்கத்தில், சுந்தரம் ஜேம்ஸாவது இன்னொரு மதியத் தூக்கத்தில். இடையில் இருக்கும் 24 மணி நேரம் கனவாக இருந்தால் கணக்கு நேராகிவிடுகிறது. இதைவிட இன்னொன்று: படத்தில் தனியாகப் பின்னணி இசை என்று உறுத்துகிற மாதிரி எதுவும் இல்லை. எங்கோ ஒரு வீட்டு டிவியில், ரேடியோவில் ஓடுகிற பழைய படத்துப் பாட்டும் வசனமும்தான் காதில் விழுந்துகொண்டே இருக்கின்றன. மதியத் தூக்கத்தில் அரைகுறையாகக் காதில் விழும் பக்கத்து வீட்டு டிவியை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வசனமே நம் கனவுக்குள் நுழைந்துவிடும். அப்படியே அச்சு அசலாகப் படம் முழுவதும் அதைக் கேட்க வைத்திருக்கிறார்கள்.

மதினிக்கு இதெல்லாம் ஏறவில்லை. “கனவுன்னா நாய் எதுக்குத் தம்பி பஸ்ஸு பின்னாடி ஓடுது? நாயும் சேர்ந்து கனவு கண்டுச்சா?” என்றார். கட்சி முடிந்தது. மச்சானிடம் பதில் இல்லை. மதினி சொன்னது ஊர் சொல்கிற பதில்: செத்துப்போன சுந்தரம் உச்சிப்பொழுதில் அந்த வழியாக வந்த ஆளைப் பிடித்துக்கொண்டான். உச்சிப்பொழுதில் ஆற்றுப்பக்கம் போகாதே, புளியமரத்தடியில் படுக்காதே, கறிச்சோறு தின்றுவிட்டுத் தனியாக நடக்காதே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னது எதற்கு? அந்தக் குடும்பத்தைப் பார்க்கும் ஆசை தீராமல் நின்றவன், பார்த்தான், ஒரு நாள் இருந்தான், போய்விட்டான். பார்வையில்லாத அம்மா மகனாகவே அவனிடம் பேசுகிறாள். மகன் குரலில் வேற்று ஆள் இருந்தால் அவளுக்குத்தானே முதலில் தெரியும்? கண் உள்ளவர்கள்தான் இந்தப் படத்தில் தடுமாறுகிறார்கள்.

நாயைப் பற்றி ராஜபாளையத்துக்காரன் இன்னும் நாலு வரி எழுதாமல் விட்டால் ஊருக்குள் நடமாட முடியாது. எங்கள் ஊர் வெள்ளை நாய்க்கு 2005-இல் தபால்தலையே போட்டார்கள். அது வீட்டு ஆளைத் தவிர எவனையும் அண்டவிடாது, அதனால்தான் அந்தக் காலத்து ஜமீன்களில் அதற்கு அவ்வளவு மதிப்பு. படத்தில் வருவது சாதாரணத் தெருநாய். ஆனாலும் நாய் நாய்தான். மனிதனை ஏமாற்றலாம், நாய்க்கு மோப்பத்தில் கணக்கு. அது ஜேம்ஸைச் சுந்தரமாக ஏற்றுக்கொண்டு பின்னாலேயே திரிகிறது என்றால், மதினி கட்சிக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேறென்ன வேண்டும்?

மூன்றாவது ஆள் அண்ணாச்சி. காலேஜ் நாளிலிருந்து மேடை நாடகம் போட்டவர், இப்போதும் திருவிழா வந்தால் கை ஊறும். அவர் சிரித்துக்கொண்டே, “நீங்க ரெண்டு பேருமே போர்டைப் படிக்கல. சாரதி தியேட்டர்ஸ்னு எழுதிப் போட்டிருக்கான்யா. நாடகம்டா இது. நாடகக்காரன் ரோட்டோரத்துல ஒரு ஒத்திகை பாத்திருக்கான்” என்றார். அதன் பிறகு அவர் அடுக்கியது எனக்கு இன்றைக்கும் வாயைப் பிளக்க வைக்கிறது. படத்தில் கேமரா பெரும்பாலும் நகர்வதே இல்லை, கவனித்தீர்களா? ஓரிடத்தில் நிற்கிறது. ஆட்கள் இடப்பக்கம் நுழைகிறார்கள், வலப்பக்கம் போகிறார்கள். தெரு, திண்ணை, வாசல், கிணற்றடி என்று ஒவ்வொன்றும் ஒரு செட்டு. நாம் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறோம். ஒரு ஷாட்டில் வாசலில் ஒருவர் பேச, பின்னால் ஜன்னலுக்குள் இன்னொருவர் தூங்க, ஓரத்தில் இன்னொருவர் எட்டிப் பார்க்க, எல்லாம் ஒரே சட்டத்துக்குள் நடக்கிறது. தேனி ஈஸ்வருக்கு அந்தக் கிராமமே மேடை.

அப்புறம் அந்தச் சாராயக்கடைக் காட்சி! அடடா, அதை எப்படி எழுதுவேன்? சுந்தரமாகிவிட்ட ஜேம்ஸ், குடிக்க வந்தவர்கள் முன்னால் ‘கௌரவம்’ படத்து வசனத்தை எடுத்துவிடுகிறார். 1973-இல் வந்த படம். சிவாஜிக்கு இரட்டை வேடம், பாரிஸ்டர் ரஜினிகாந்தும் அவர் வளர்த்த கண்ணனும். மம்மூட்டி இந்தப் பக்கம் திரும்பிப் பெரியவராகக் கர்ஜிக்கிறார், அந்தப் பக்கம் திரும்பிச் சின்னவராகப் பதில் சொல்கிறார். ஒரே உடம்பில் இரண்டு பேர். கடையில் இருப்பவர்கள் ரசிக்கிறார்கள், நாமும் ரசிக்கிறோம், சட்டென்று உறைக்கிறது: இவர் ஏற்கெனவே இரண்டு பேர். சுந்தரமாக இருக்கிற ஜேம்ஸ், பெரியவரும் சின்னவருமாக இருக்கிற சிவாஜி, அதை நடிக்கிற மம்மூட்டி. எத்தனை ஆள் அந்த ஒரு பெஞ்சுக்கு முன்னால் நிற்கிறார்கள் என்று எண்ண முடியவில்லை. ‘கௌரவம்’ படத்தை இயக்கியவர் பெயர் என்ன தெரியுமா? வியட்நாம் வீடு சுந்தரம். இது லிஜோ யோசித்து வைத்ததா, தற்செயலா, எனக்குக் கவலையில்லை. அண்ணாச்சி இதைச் சொன்னபோது ஆற்றுக்குள் எழுந்து நின்று கைதட்டினேன்.

கனவு, ஆவி, நாடகம். மூன்றுக்கும் படத்தில் இடம் இருக்கிறது. மூன்றில் எது என்று கேட்டு மண்டையை உடைத்துக்கொள்கிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். நீங்கள் ஒரு கோவில் கொடையில் சாமியாடி பக்கத்தில் நின்றிருந்தால் இந்தக் கேள்வியே எழாது.

எங்கள் குலதெய்வக் கொடையில் அத்தைக்கு அருள் வரும். சாதாரண நாளில் அத்தை சத்தம் போட்டுப் பேசமாட்டார். நாக்கைக் கடித்துக்கொண்டு, தலைமுடி அவிழ்ந்து, உடம்பு வெட்டி இழுக்கும்போது முதலில் சாமி வரும். சில வருஷம் சாமிக்குப் பின்னால் செத்துப்போன தாத்தா வருவார். வந்ததும் சுருட்டு கேட்பார். அத்தை கட்டைக் குரலில், “எங்கடா பெரியவன்? தோட்டத்தை வித்துட்டீகளாக்கும்?” என்பார். பெரியப்பா, அறுபது தாண்டிய மனிதர், தலையைக் குனிந்து, “தப்புதான்யா” என்று தன் தங்கச்சி காலில் விழுவார். அந்த நேரத்தில் அது தங்கச்சி இல்லை, அவருக்கு அப்பா. பிறகு விபூதியைப் போட்டு, தண்ணீர் தெளித்து, சாமி மலையேறியதும் அத்தை கண் திறந்து, “என்னாச்சு? ஏன் எல்லாரும் சுத்தி நிக்கிறீக?” என்று கேட்டுச் சோடா வாங்கிக் குடிப்பார். பெரியப்பா பக்கத்திலேயே நின்று அண்ணனாக விசிறிக்கொண்டிருப்பார். ஒருவரும் ஒருவரையும் பார்த்துச் சிரிக்கமாட்டார்கள்.

நிஜமாகத் தாத்தா வந்தாரா? அத்தை நடித்தாரா? மயக்கத்தில் வாய்க்கு வந்ததைப் பேசினாரா? கொடையில் இதைக் கேட்பவன் இல்லை. நம்பிக்கையில்லாதவர்கள் எங்கள் குடும்பத்திலேயே உண்டு. அவர்களும் அங்கே நிற்பார்கள், அவர்களும் கை கட்டிக்கொள்வார்கள். நடிப்பு, மயக்கம், வருகை மூன்றும் ஒரே உடம்பில் ஒரே நேரத்தில் நடக்கலாம் என்பதை நம் ஊர் ரொம்ப நாளைக்கு முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டது. அதனால்தான் படத்தில் அந்த ஊர்க்காரர்கள் ஜேம்ஸை உடனே அடித்துத் துரத்தாமல், போலீஸுக்கு ஓடாமல், கொஞ்சம் விட்டுப் பிடிக்கிறார்கள். ‘எவனோ ஒருத்தன் பிறத்தியார் வீட்டுக்குள் புகுந்தால் நாலு சாத்து சாத்தாமல் விடுவார்களா, இது நடக்கிற காரியமா’ என்று சிலர் எழுதினார்கள். சாத்தமாட்டார்கள் சார். எங்கள் பக்கம் வந்து பாருங்கள்.

இன்னொன்றும் அந்த ஆற்றங்கரையில்தான் எனக்கு உறைத்தது. கோவிலுக்குப் பின்னால் நிற்கிற மலைக்கு அந்தப் பக்கம் பெரியாறு காடு, கேரளம். கார்த்திகை பிறந்தால் மதுரை ரோட்டிலிருந்து செங்கோட்டை வரை எங்கள் ஊர் வழியாகச் சபரிமலை வண்டிகள் போய்க்கொண்டே இருக்கும். இந்தப் பக்கம் அய்யனாராக உட்கார்ந்திருப்பவரைத்தான் தெற்கே போகப் போகச் சாஸ்தா என்கிறார்கள், மலை தாண்டினால் அய்யப்பன் என்கிறார்கள். சாமிக்கே மலைக்கு இந்தப் பக்கம் ஒரு பேர், அந்தப் பக்கம் ஒரு பேர், இரண்டு பாஷை. மனுஷன் ஒருத்தன் மதியம் தூங்கி எழுந்து மலையாளத்திலிருந்து தமிழுக்கு வந்துவிட்டால் இதில் என்ன அதிசயம்? தமிழ்ச் சோறும் பாட்டும் பிடிக்காத ஒரு ஆள், தமிழனாக ஒரு நாள் வாழ்ந்துவிட்டுப் போகிறார். இதைப் பிரசங்கமாகச் சொல்லாமல் ஒரு லுங்கியை மாற்றிச் சொன்னாரே லிஜோ, அந்தக் கையைப் பிடித்து முத்தம் கொடுக்கலாம்.

இவ்வளவு பெரிய கதைக்கு விதை எது என்றால் சிரிப்பீர்கள். ஒரு பிளைவுட் விளம்பரம். பஸ்ஸில் போகிற சீக்கியச் சிறுவன் ஒருவன் திடீரென்று முற்பிறவி நினைவு வந்து, தமிழ்நாட்டு வீடொன்றுக்குள் ஓடித் தமிழில் பேசுவானே, அந்த கிரீன்பிளை விளம்பரம். மேஜை மரம் அடுத்த பிறவி வரைக்கும் உழைக்கும் என்று சொல்ல எடுத்த துணுக்கு. டிவியில் வந்தபோது நாமும் பார்த்துச் சிரித்துவிட்டுச் சேனல் மாற்றினோம். லிஜோ மாற்றவில்லை.

முடிவில் குழப்பி விடுகிற படங்கள் நமக்குப் புதிதில்லைதான். ‘அந்நியன்’ கடைசியில் அம்பி குணமாகிவிட்டான் என்று ஊர் நம்ப, ரயிலில் ஒரு குடிகாரனைத் தள்ளிவிட்டு வந்து சாந்தமாக உட்காருவான். நல்ல முடிவு, ஆனால் அது ஒரு பதில். உள்ளே ஆள் இன்னும் இருக்கிறான், தீர்ந்தது. 2012-இல் கார்த்திக் சுப்புராஜ் ‘பீட்சா’ எடுத்தபோது நாங்கள் தியேட்டரில் துள்ளினோம். பேய்க்கதை முழுக்கப் பொய், வைரத்துக்காகக் கட்டிய கதை என்று அவிழ்த்துவிட்டு, கடைசியில் விஜய் சேதுபதி பீட்சா கொடுக்கப் போன வீட்டில் தான் புளுகிய கதையே உயிரோடு வந்து நிற்கும். கதவு சாத்திக்கொள்ளும். பிரமாதம். ஆனால் அந்த முடிவு நம்மைச் சீண்டிவிட்டு ஓடிவிடுகிற குறும்பு. இந்தியில் ஸ்ரீராம் ராகவன் 2018-இல் எடுத்த ‘அந்தாதுன்’ இன்னும் கெட்டிக்காரத்தனம். நாயகன் கைத்தடியால் வழியில் கிடக்கும் டப்பாவைத் தட்டிவிட்டுப் போகிறான். கண் தெரிகிறதா, அப்படியானால் அவன் இவ்வளவு நேரம் சொன்னதில் எது பொய் என்று ஆரம்பத்திலிருந்து அவிழ்க்க வேண்டும். பிரசாந்த் நடித்து 2024-இல் தமிழில் ‘அந்தகன்’ ஆனது. அது ஒரு துப்பறியும் விளையாட்டு, நானும் நாள் கணக்கில் விளையாடினேன். ஆனால் அதில் யார் பொய் சொன்னார் என்று தெரிந்தால் ஆட்டம் முடிந்தது. ‘நண்பகல்’ படத்தில் பொய் சொன்னவர் யாருமே இல்லை. எல்லோரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள், அப்படியும் கணக்கு இடிக்கிறது. அதனால்தான் இது ஒரு படி மேல்.

குறை இல்லாமல் இல்லை. பஸ்ஸில் வந்த மலையாளிகளில் அசோகனையும் இன்னும் ஓரிருவரையும் தவிர மற்றவர்கள் வெறும் கூட்டம்தான். பொறுமையில்லாதவர்களுக்கு முதல் அரைமணி நேரம் நகராது. சுந்தரத்தின் அப்பாவாக வரும் பூ ராமு இந்தப் படம் வெளிவருவதற்கு முன்பே, 2022 ஜூனில் போய்விட்டார். அந்த முகத்தை இன்னும் கொஞ்ச நேரம் காட்டியிருக்கலாமே என்று மனசு கேட்கிறது. இது குறையா ஆசையா, தெரியவில்லை.

ஆனால் ஆற்றங்கரையில் எங்கள் மூன்று கட்சியையும் ஒரே கேள்வியில் காலி செய்தவர் என் மனைவிதான். அதுவரை பிள்ளைகளுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தவர், “அந்தாளு கனவா பேயான்னு இவ்வளவு பேசுறீகளே, அந்தப் பொம்பளையை எவனாவது நெனைச்சீகளா? ரெண்டு வருசம் எங்க போனான்னு தெரியாம இருந்தவ. ஒருநாள் வந்து மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டுத் திரும்பப் போயிட்டான். அவளுக்கு அது கனவா இருந்தா என்ன, நாடகமா இருந்தா என்ன? ரெண்டாவது தடவையும் அவதான நிக்கிறா?” என்றார்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. உண்மைதான். ஜேம்ஸுக்கு ஏறிப்போக ஒரு பஸ் இருக்கிறது. நமக்கு அடுத்த படம் இருக்கிறது. சுந்தரம் செத்தானா ஓடிப்போனானா என்பதே தெரியாத பூங்குழலிக்குத் தாலியை வைத்துக்கொள்வதா கழற்றுவதா என்பதே கேள்வி. போன மகன் கதை முடிந்தது என்று மனசைத் தேற்றிக்கொள்ளத் தொடங்கிய வீட்டில், மறுபடி முதலிலிருந்து. அந்தக் கண்ணோட்டத்தில் வீட்டுக்கு வந்து கடைசிக் கால்மணி நேரத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். இந்த முறை மம்மூட்டியைப் பார்க்கவில்லை, ரம்யா பாண்டியனை மட்டும் பார்த்தேன். வேறு படம் அது! அதிகம் பேசாத அந்த முகத்தில் முழுக் கதையும் இருக்கிறது. மகாநடிகர் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒரு வசனத்தையும் தூக்கிப் போடாமல், அவ்வளவு பாரத்தையும் அந்தப் பெண் சுமந்திருக்கிறார். கேரள அரசு விருது அந்தப் பக்கம் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

எனவே என் தீர்ப்பு: கனவு என்று பார்த்தால் மச்சான் சரி, ஆவி என்று பார்த்தால் மதினி சரி, நாடகம் என்று பார்த்தால் அண்ணாச்சி சரி, முடிவு யாருடையது என்று பார்த்தால் என் மனைவி மட்டும் சரி. இப்படி நாலு பேரையும் ஜெயிக்க வைக்கிற முடிவை எழுதுவது லேசுப்பட்ட காரியமில்லை.

பார்க்காதவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தயவுசெய்து இதை ராத்திரியில் பார்க்காதீர்கள். விடுமுறை நாளில் மதியச் சோறு சாப்பிட்டுவிட்டு, ஃபேனைப் போட்டு, போனை அணைத்துவிட்டு உட்காருங்கள். இடையில் கண் சொக்கினால் சொக்கட்டும். மலையாள வசனத்துக்கு மட்டும் சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள், தமிழுக்கு வேண்டாம். பஸ் கிளம்பியதும் படம் முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள், அந்தப் போர்டு வரும் வரை இருங்கள். பார்த்து முடித்ததும் நீங்கள் எந்தக் கட்சி என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். மச்சானுக்கு ஆள் பலம் தேவைப்படுகிறது.